சின்னக் கார்டில் ஓடிய வீடு

பட்டறையில் அவருக்குப் பெயர் அரை இன்ச்சு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். மரம் அறுப்பவர்கள் எதைக் கொண்டுவந்து காட்டினாலும் "அரை இன்ச்சு கூட இருக்கே" என்பார், இல்லாவிட்டால் "அரை இன்ச்சு குறையுதே" என்பார். சரியாக இருக்கிறது என்று அவர் வாயிலிருந்து வந்ததை யாரும் கேட்டதில்லை. சரியாக இருந்தால் பேசாமல் நகர்ந்துவிடுவார், அதுதான் பாராட்டு. பட்டறைக்காரர்கள் அதற்குப் பழகிவிட்டார்கள்.

சமையலறை அலமாரிகள் செய்கிற பட்டறை அது. அறுப்பு, இழைப்பு எல்லாம் கீழே. அரை இன்ச்சு மாடியில். ஒரு வீட்டுச் சமையலறையை அளந்து வந்து, கணினியில் முப்பரிமாணமாக வரைந்து, அலமாரி வைத்த பிறகு எப்படி இருக்கும் என்று வீட்டுக்காரர்களை அதற்குள் நடத்திக் காட்டுவது அவர் வேலை. அம்புக்குறிப் பொத்தானை அழுத்தினால் படம் முன்னே போகும். கதவில் நுழைந்து, அடுப்பைச் சுற்றி, ஜன்னல்வரை போய்த் திரும்பலாம். மரத்தில் ரம்பம் படுவதற்கு முன்னாலேயே "இந்த அலமாரி தலையில இடிக்கும்" என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிடுவார். பட்டறைக்கு மரமும் மிச்சம், சண்டையும் மிச்சம்.

அவருடைய மடிக்கணினியில் ஓடுவது லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம். கொள்கை, புரட்சி என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்பு அதில் இருந்த இயங்குதளம் ஒரு நாள், வாடிக்கையாளர் எதிரில், படத்தைத் திறக்கப் போன நேரம் பார்த்து, "புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்காதீர்கள்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. வந்த தம்பதி முதலில் சிரித்தார்கள், பிறகு சுவரைப் பார்த்தார்கள், பிறகு வீட்டில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்கள். "என் கம்ப்யூட்டர் என்னைக் கேக்காம ஒண்ணும் செய்யக் கூடாது" என்று கறுவியவர் அந்த வாரமே மாறிவிட்டார். மாறிய பிறகுதான் தெரிந்தது, இது எதையும் கேட்காமல் செய்வதில்லை, ஆனால் எல்லாவற்றையும் கேட்கிறது. மனிதர் அசரவில்லை. மாடியில் தனியாக உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குக் கேள்வி கேட்க ஒரு துணை கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு ஒரே அக்கா. நகரப் பேருந்து ஓட்டுநர். வண்டியை எடுத்துவிட்டால் பின்னால் ஓடி வருகிறவர் யாராக இருந்தாலும் நிறுத்தமாட்டாள். ஒருமுறை தம்பியையே மழையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். "நேரத்துக்கு வந்தா ஏத்திக்கறேன்" என்றாள் அன்று மாலை, துண்டை அவர் தலையில் போட்டபடி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒரு கட்டத்தில் களைத்துப்போய் நிறுத்திவிட்டார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாவது மாடியில் தனியாக இருந்தாள்.

அந்த அக்கா ஒரு நாள் காலை பேருந்துப் பணிமனையில், காலணி நாடாவைக் கட்டக் குனிந்தவள், நிமிரவில்லை. பக்கவாதம். இடது கையும் இடது காலும் போயின. பேச்சு மட்டும் தப்பித்தது, அது தப்பித்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நாட்கள் ஓடி, இப்போது மையத்தில் சொல்லிவிட்டார்கள்: சனிக்கிழமை கிளம்பலாம்.

எங்கே கிளம்புவது? மூன்றாவது மாடிக்குப் போக முடியாது. தம்பி வீடு தரைத்தளம். இன்னொரு பக்கம், ஊருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தில் அறை காலியாக இருந்தது. வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். இல்லத்துக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாக அரை இன்ச்சு கேள்விப்பட்டதில்லை.

"நான் இல்லத்துக்கே போறேன்" என்றாள் அக்கா.

"எதுக்கு? வீடு இருக்கும்போது?"

"உன் வீட்டுக்கு வரல. அந்தப் பேச்சை விடு."

ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்தே அவர் வீட்டை அளந்து, வரைந்து, பட்டறை ஆட்களை வைத்து மாற்றிக்கொண்டிருந்தார். வாசல் படியை எடுத்துவிட்டுச் சக்கர நாற்காலி ஏறச் சரிவு. இரண்டு கதவுகள் அகலம். சுவிட்ச், குழாய், கண்ணாடி எல்லாம் உட்கார்ந்த கைக்கு எட்டுகிற உயரத்தில். அவர் ஆயுசில் செய்த வேலைகளிலேயே குறை சொல்ல அவருக்கே வழியில்லாத வேலை அதுதான். அதைப் பார்க்காமலே வேண்டாம் என்கிறாளே என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. கணினியில் வரைந்த வீட்டுக்குள் போவதைக் கைபேசியில் படமாக எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினார். அக்கா பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ போற பக்கமெல்லாம் நான் பார்த்துக்கிட்டு வரணுமா? வண்டியை ஓட்டறது யாரு, நீயா நானா?"

"அப்படின்னா கம்ப்யூட்டரையே கொண்டு வர்றேன். நீயே பொத்தானை அழுத்து. நீ போற பக்கம் போகும்."

அக்கா கைபேசியைத் தள்ளி வைத்தாள். பிறகு, "கொண்டு வா. பார்க்கலாம்" என்றாள். அந்த ஒரு 'பார்க்கலாம்' போதும் அவருக்கு. வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

வந்த பிறகுதான் மின்சாரம் நினைவுக்கு வந்தது. மையத்தில் அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிற பிளக்குகளைப் பார்வையாளர்கள் தொடக் கூடாது. தாதி அதில் படு கண்டிப்பு. கீழே பார்வையாளர் கூடத்தில் பிளக் உண்டு, ஆனால் அங்கே போக அக்கா சக்கர நாற்காலியில் உட்கார வேண்டும், அதில் உட்கார்ந்து நாலு பேர் முன்னால் வர மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஆகவே பேட்டரியில்தான் ஓட்டியாக வேண்டும். அவருடைய கணினியோ, மின்சாரத்தைப் பிடுங்கினால் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் மூச்சை விட்டுவிடும்.

காரணம் இருந்தது. அந்த மாதிரி மடிக்கணினியில் படம் காட்ட இரண்டு கார்டுகள் உண்டு. சின்ன கார்டு எழுத்து, இணையம் மாதிரி அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொள்ளும்; அதற்குத் தீனி குறைவு. பெரிய கார்டு முப்பரிமாண வீட்டைச் சிரமமில்லாமல் சுற்றிக் காட்டும், ஆனால் பேட்டரியை மடமடவென்று குடிக்கும். தேவைக்குத் தகுந்தபடி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. பட்டறையில் கணினி எப்போதும் மின்சாரத்தில் செருகியே கிடந்ததால் அரை இன்ச்சு அந்த ஏற்பாட்டைச் செய்யவே இல்லை. கடிதம் படித்தாலும் பெரிய கார்டு, கடிகாரம் பார்த்தாலும் பெரிய கார்டு.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டுக் கணினியோடு உட்கார்ந்தார். எதிரில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவளுக்கு வீட்டில் உட்கார நேரம்.

முதலில் பெரிய கார்டை வேலை செய்யவைக்கும் இயக்கி மென்பொருளைப் புதிதாக ஏற்றினார். கட்டளையை அடித்தார், வரிவரியாக ஏதேதோ ஓடியது, கடைசியில் அணைத்துத் தொடங்கு என்றது. தொடங்கினார். திரை கறுப்பாகவே நின்றது. மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

"செத்துப்போச்சா?" என்றாள் மனைவி.

"இல்ல. யோசிக்குது."

"உங்க மாதிரிதான்" என்று அடுத்த சட்டையை எடுத்தாள்.

பழைய இயக்கியை எடுக்காமலே புதியதை ஏற்றியதால் வந்த வினை. இரண்டும் ஒரே கார்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. மீட்பு முறையில் நுழைந்து பழையதைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிய பிறகுதான் திரை வந்தது. அவருக்கும் உயிர் வந்தது. அதற்குப் பிறகு கைபேசியில் லினக்ஸ் மன்றத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். கேள்வி கேட்டால் முதலில் திட்டிவிட்டுப் பிறகு பதில் சொல்கிற இடம் அது. "இதை ஆயிரம் தடவை சொல்லியாச்சு, தேடிப் பார்க்க மாட்டீர்களா" என்று யாருக்கோ ஒருவர் எழுதியிருந்தார். எழுதிவிட்டு ஆயிரத்து ஓராவது தடவையாக முழுப் பதிலையும் எழுதியிருந்தார், நல்ல மனுஷன்.

அந்த நல்ல மனுஷன் சொன்னபடி, எப்போதும் சின்ன கார்டே ஓடட்டும் என்று வைத்துப் பார்த்தார். மின்விசிறி அடங்கியது, அடிப்பாகம் குளிர்ந்தது, பேட்டரி இறங்குவேனா என்றது. ஆனால் வரைந்த வீட்டைத் திறந்து அம்புக்குறியை அழுத்தினால் ஒரு எட்டு வைத்தது, நின்றது, அப்புறம் அடுத்த எட்டு வைத்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, வீடு விக்கிக்கிட்டே போகுது?"

"இதைக் கொண்டுபோனா அக்கா என்னை விரட்டிடுவா" என்று அதை மூடினார்.

மிச்சமிருந்த வழி, எல்லாம் சின்ன கார்டில் ஓடிக்கொண்டிருக்கும், குறிப்பிட்டுக் கேட்டால் மட்டும் பெரியது எழுந்து வரும் என்பது. அதை வைத்தார். வைத்தும் அடிப்பாகம் சுட்டது. பெரிய கார்டு வேலை இல்லாத நேரத்திலும் தூங்காமல் விழித்துக்கொண்டிருந்தது. அதைத் தூங்கவைக்க ஒரு அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று அதே நல்ல மனுஷன் இன்னொரு இடத்தில் இன்னொருவரைத் திட்டி எழுதியிருந்தார். சேர்த்தார், அணைத்தார், தொடங்கினார், கையை அடியில் வைத்துப் பார்த்தார். குளிர்ந்துவிட்டது. கடைசியாக, மெனுவில் வரைபட மென்பொருளின் ஐகானுக்குப் பின்னால் இருக்கும் கட்டளைக்கு முன் ஒரு சொல்லைச் சேர்த்தார். இனி அந்த ஐகானை அழுத்தித் திறந்தால் மென்பொருள் பெரிய கார்டில் ஓடும்.

அழுத்தினார். மின்விசிறி ஒரு இழுப்பு இழுத்தது. வீடு வழுக்கிக்கொண்டு ஓடியது. மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மனைவியை ஓட்டச் சொன்னார். அவள் அறை அறையாகப் போய்ச் சமையலறையில் நின்றாள்.

"சிங்க்ல ஒரு பாத்திரம் இல்ல. இந்த வீடு எங்கங்க இருக்கு? நான் அங்கேயே போயிடறேன்."

பார்வை நேரம் முடியும் அளவுக்குப் பேட்டரி தாங்கியது, மிச்சமும் இருந்தது. அரை இன்ச்சு பேசாமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். மனைவிக்குப் புரிந்துவிட்டது, சரியாக வந்திருக்கிறது என்று.

வியாழக்கிழமை மாலை, பார்வை நேரம் தொடங்கும்போதே போய் நின்றார். கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தப்பட்டு, அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பலகையை அவள் மடிக்கு மேலே இழுத்துக் கணினியை அதன்மேல் வைத்தார். தேர்வு எழுதப் போகிற பிள்ளைக்கு இருக்குமே, அப்படி இருந்தது முகம். அவசரத்தில் பட்டறையில் தினமும் செய்வதைச் செய்துவிட்டார்: கோப்புறையைத் திறந்து, வீட்டு வரைபடத்தின் மேலேயே இரண்டு தட்டு தட்டினார். வீடு திறந்தது. அக்காவின் வலது கையை எடுத்து அம்புக்குறிமேல் வைத்தார்.

"ம், போ."

அக்கா அழுத்தினாள். வாசல் ஒரு எட்டு கிட்டே வந்தது. நின்றது. அப்புறம் இன்னொரு எட்டு.

என்ன செய்தோம் என்பது அப்போதே புரிந்துவிட்டது. கோப்பைத் தட்டித் திறந்தால், மெனுவில் அவர் சேர்த்துவைத்த சொல் அதற்குத் தெரியாது. பெரிய கார்டு தூங்கிக்கொண்டிருந்தது. வீடு சின்ன கார்டில் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பாடுபட்டு ஒரே ஒரு தட்டலில் கெடுத்துக்கொண்டதற்கு அவரை அவரே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இரு அக்கா. மூடிட்டு வேற மாதிரி திறக்கறேன். இப்ப நல்லா ஓடும்."

"தொடாதே."

"இல்ல, இது தப்பா ஓடுது. விக்குது பாரு."

"கையை எடுடா."

கையை எடுத்துக்கொண்டார். அக்கா அழுத்தினாள். ஒரு எட்டு. வீடு நிற்கும்வரை காத்திருந்தாள். அடுத்த எட்டு. கூடத்துக்குள் நுழைந்தாள், நின்றாள், இடப்பக்கம் திரும்பினாள். திரும்புவதற்கு வீடு நிறைய நேரம் எடுத்துக்கொண்டது. அவள் அவசரப்படவில்லை.

"காலைல கம்பியைப் பிடிச்சிக்கிட்டுப் போறப்ப இப்படித்தான் இருக்கும்" என்றாள். "அன்னைக்கு நீ காட்டின படத்துல யாரோ சறுக்கிக்கிட்டுப் போனாங்க. அது நான் இல்ல."

"எங்க போறப்ப?"

"நடக்கறப்ப."

"நீ நடக்கறியா?"

"பயிற்சிக்கு வர்ற பொண்ணு தினம் காலைல நடக்க வைக்கறா. முதல்ல ரெண்டு பேர் பிடிச்சாங்க. இப்ப அவ சும்மா பக்கத்துல வருவா. வராந்தா கோடி வரைக்கும் போயிட்டேன்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீ சாயங்காலம் வருவ. வந்து கதவு எவ்வளவு அகலம் பண்ணேன்னு சொல்லுவ. போயிடுவ. நடக்கறியான்னு ஒரு தடவை கேட்டியா?"

கேட்கவில்லை. அவர் தரையைப் பார்த்தார். அக்கா மறுபடி அழுத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். அங்கே நின்று திரையை உற்றுப் பார்த்தாள்.

"மேடை மேல என்ன இருக்குன்னே தெரியல. ஏன் எல்லாம் இவ்வளவு உசரத்துல இருக்கு?"

"உசரத்துல இல்ல. பார்வையை நாற்காலி உயரத்துக்கு வச்சிருக்கேன். நீ உட்கார்ந்து பார்க்கற மாதிரி."

அக்கா பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பேசியபோது சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அதான் வரலன்னேன். சரிவு போட்ட. கதவை அகலம் பண்ண. சுவிட்ச்சை எல்லாம் கீழ இறக்கின. நான் இனிமே எழுந்துக்கவே மாட்டேன்னு முடிவு பண்ணி மரத்தை அறுத்துட்ட. இல்லத்துல எனக்காக யாரும் எதையும் அறுத்து வைக்கல. அங்க போய் நான் எழுந்து நின்னா நிக்கலாம்."

"உனக்கு வசதியா இருக்கணும்னுதான் அக்கா…"

"தெரியும்டா. அது தெரியாமலா இருக்கு."

அரை இன்ச்சுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஊரில் உள்ள சமையலறையெல்லாம் அளந்தவர், எந்த வீட்டுக்காரம்மாவையும் எப்படி வேண்டும் என்று கேட்காமல் ஒரு பலகையை அறுத்ததில்லை. சொந்த அக்காவைக் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பார்வை உயரத்தைப் போடும் கட்டத்தைத் திறந்தார். திறந்த பிறகு விரல் நின்றுவிட்டது.

"உன் உயரம் எவ்வளவு?" என்று கேட்டார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "பலகையைத் தள்ளு" என்றாள்.

"எதுக்கு?"

"தள்ளுடா."

தள்ளினார். அவள் வலது கையால் இடது காலை எடுத்துக் கட்டிலுக்கு வெளியே விட்டாள். கட்டில் கம்பியைப் பிடித்தாள். அவர் பிடிக்கப் போனார். அவள் பார்த்த பார்வையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கம்பியை ஒரு இழு இழுத்து எழுந்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்தாள், கம்பியை இறுக்கிப் பிடித்தாள், நிமிர்ந்தாள். இடது கால் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நின்றாள்.

"பக்கத்துல வந்து நில்லு."

நின்றார். தோளோடு தோள்.

"உன்னைவிட ரெண்டு விரல் கூட. போடு."

அவர் போட்டார். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, பலகையை இழுக்கச் சொன்னாள். சமையலறை மேடை இப்போது இடுப்புக்குக் கீழே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே தெருவரை தெரிந்தது. அவள் ஒவ்வொரு எட்டாகத் தாழ்வாரத்துக்கு வந்து குளியலறைப் பக்கம் திரும்பினாள். பாதி வழியில் நின்றாள்.

"இங்கேர்ந்து அங்க வரைக்கும் பிடிச்சுக்க ஒண்ணுமே இல்ல. கம்பி போடு."

"போடறேன். சரிவை எடுத்துடவா?"

"இருக்கட்டும். முதல்ல கொஞ்ச நாள் வேணும். அப்புறம் எடு. எப்ப எடுக்கணும்னு நான் சொல்றேன்."

"இல்லத்துக்காரங்களுக்கு?"

"நாளைக்கு நானே பேசிக்கறேன். வேண்டாம்னு."

பார்வை நேரம் முடிந்தது என்று தாதி வந்து நின்றாள். பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. அவர் கணினியை மூடி, பையில் வைத்து, எழுந்தார். பையின் வாரைச் சரிசெய்துகொண்டே நின்றார்.

"சனிக்கிழமை காலைலயே வா" என்றாள் அக்கா. "நான் நடக்கறதைப் பார்த்துட்டுக் கூட்டிக்கிட்டுப் போ."